20 மீட்டருக்கும் 500 மீட்டருக்கும் ஒரே ஸ்கோப்: எத்தனை மடங்கு வேண்டும்?

கேள்வி இது. அமெரிக்காவில் இருப்பவர், கையில் .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். இலையுதிர் காலத்தில் பென்சில்வேனியா மரக்காட்டில் மான் வேட்டை. அங்கே மான் 20, 30 மீட்டரில்கூட எதிரே வந்து நிற்கும். மற்ற மாதங்களில் சுடுதளத்தில் 400, 500 மீட்டரில் தொங்கும் எஃகுத் தட்டுகள். இரண்டுக்கும் சேர்த்து ரைஃபிள் மேல் பொருத்தும் ஒரே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி). 6-24×50 வாங்கலாமா, 3-9×40 போதுமா? (6-24 என்றால் 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கும்; 50 என்பது முன் லென்ஸின் விட்டம், மி.மீ.-இல்.)

6-24 வேண்டாம். அதில் தொல்லை கொடுக்கப்போவது 24 அல்ல, 6. சாதாரண 3-9×40 இந்த இரண்டு வேலையையும் செய்யும். பட்ஜெட் கொஞ்சம் தாராளமாக இருந்தால் 2.5-10×42 அல்லது 3-15×44 பக்கம் போங்கள்.

கடையில் எல்லோரும் முதலில் பார்ப்பது பெரிய எண்ணை. நீங்கள் சின்ன எண்ணிலிருந்து தொடங்குங்கள். மான் தொலைவில் நின்றால் வளையத்தைத் திருப்பி மடங்கைக் கூட்ட நேரம் இருக்கும். காலடியில் வந்து நின்றால் குறைக்க நேரம் இருக்காது.

நெருக்கத்தில் என்ன நடக்கிறது

ஸ்கோப்பில் தெரியும் பரப்பின் அகலம், மடங்கு கூடக்கூட அதே விகிதத்தில் சுருங்கும். 100 மீட்டர் தொலைவில் 3 மடங்கில் சுமார் 11 மீட்டர் அகலம் தெரியும். 6 மடங்கில் 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 9 மடங்கில் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 24 மடங்கில் ஒன்றரை மீட்டர். தயாரிப்பாளரைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும், ஆனால் பெரிய வித்தியாசம் வராது.

இதை 20 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள், ஐந்தில் ஒரு பங்கு. 6 மடங்கில் தெரிவது 1.2 மீட்டர்தான். மானோ மூக்கிலிருந்து வால் வரை ஒன்றரை மீட்டருக்கு மேல். ரைஃபிளைத் தோளில் வைத்ததும் கண்ணில் படுவது பழுப்பு மயிர் மட்டும். தோள்பட்டையா, தொடையா, பக்கத்து மரத்தின் பட்டையா என்று தேடுவதற்குள் மான் போய்விடும். 3 மடங்கில் அதே 20 மீட்டரில் 2.2 மீட்டர் தெரியும். உடல் முழுதும் அடங்கும். 2.5 மடங்கில் இன்னும் சௌகரியம். 1 மடங்கில் 7 மீட்டர், அதாவது வெறுங்கண்ணால் பார்ப்பதைப் போல.

இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். 6-24 வகை ஸ்கோப்பில் பக்கவாட்டில் ஃபோகஸ் குமிழ் இருக்கும். முந்தைய நாள் சுடுதளத்தில் அதை 400-ல் விட்டிருந்தால், 20 மீட்டரில் நிற்கும் மான் பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல் தெரியும். மடங்கு அதிகமாக இருக்கும்போது ஃபோகஸின் ஆழம் குறைவு என்பதே காரணம். 3 மடங்கில் இந்தப் பிரச்சினை ஏறக்குறைய இல்லை.

தொலைவுக்கு உண்மையில் எவ்வளவு தேவை

நல்ல கண்ணுக்குப் பிரித்தறியும் திறன் ஏறத்தாழ ஒரு ஆர்க் நிமிடம். அதாவது 100 மீட்டரில் 2.9 செ.மீ. ஸ்கோப்பின் மடங்கால் இதை வகுத்தால் எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பது கிடைக்கும். 400 மீட்டரில் வெறுங்கண்ணுக்கு 11.6 செ.மீ., 9 மடங்கில் 1.3 செ.மீ. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி 20 முதல் 25 செ.மீ. விட்டம். ஒன்றேகால் செ.மீ. நுணுக்கம் தெரியும்போது 20 செ.மீ. வட்டத்தில் குறி வைக்க 24 மடங்கு எதற்கு? 500 மீட்டரில் 30 செ.மீ. எஃகுத் தட்டுக்கும் இதே கணக்கு: 9 மடங்கில் 1.6 செ.மீ. வரை பிரித்தறியலாம்.

காகிதக் கணக்கு என்று தோன்றினால், ராணுவ வகை ரைஃபிள்களுக்கான அமெரிக்காவின் சர்வீஸ் ரைஃபிள் போட்டியைப் பாருங்கள். 2016 முதல் அதில் ஸ்கோப் அனுமதி உண்டு, ஆனால் அதிகபட்சம் 4.5 மடங்கு, முன் லென்ஸ் 34 மி.மீ.க்கு மேல் கூடாது. அந்த 4.5 மடங்கை வைத்துக்கொண்டு 600 கஜத்தில், அதாவது 550 மீட்டரில், பத்துப் புள்ளி தரும் 12 அங்குல வளையத்துக்குள் குண்டுகளைப் போடுகிறார்கள். அங்கே குறிக்கும் கறுப்பு வட்டம் பெரியது, வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று தெரியும் என்பதும் உண்மை. புதருக்குள் நிற்கும் மான் அப்படித் தெரியாது. ஆகவே 4.5 போதும் என்று சொல்லவில்லை. 9, 10 என்பது பற்றாக்குறை அல்ல என்கிறேன்.

பெரிய மடங்கு உண்மையிலேயே தேவைப்படும் ஓர் இடம், காகிதத்தில் விழுந்த ஓட்டையைப் பார்ப்பது. .308 ஓட்டை 7.8 மி.மீ. 100 மீட்டரில் 10 மடங்கில் தெரியும். 300 மீட்டரில் பார்க்க 25, 30 மடங்கு வேண்டும். இதற்காக ஸ்கோப்பின் மடங்கைக் கூட்டுவது, வாசலைப் பார்ப்பதற்காக வீட்டையே திருப்பிக் கட்டுவது மாதிரி. முக்காலியில் வைக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எஃகுத் தட்டுக்கு அதுவும் வேண்டாம், சத்தமே சொல்லிவிடும்.

500 மீட்டரில் தவறவிடுவதற்குக் காரணம் சரியாகத் தெரியாதது அல்ல. .308-இல் 168 கிரெய்ன் எடைக் குண்டு, 100 மீட்டர் ஜீரோ (அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தது) என்று வைத்துக்கொண்டால், 400 மீட்டரில் குண்டு சுமார் 1.1 மீட்டர் கீழே விழும். 500-இல் 2 மீட்டர் பக்கம். மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்று 400 மீட்டரில் அதை 40 செ.மீ. தள்ளும். தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் காற்றைத் தப்பாகப் படித்தாலும், தட்டைத் தவறவிடுவதை 24 மடங்கில் தெளிவாகப் பார்ப்பீர்கள், அவ்வளவுதான். 6-24க்கும் 3-9க்கும் உள்ள விலை வித்தியாசத்தில் தூரத்தை அளக்கும் ஒரு லேசர் ரேஞ்ச் ஃபைண்டர் வாங்கினால் 500 மீட்டரில் அதிகம் தட்டுவீர்கள்.

மடங்கு கூடினால் வரும் தொல்லைகள்

முதலாவது, ஆட்டம். நின்றுகொண்டு சுடும்போது உங்கள் குறி 100 மீட்டரில் 15 செ.மீ. வட்டத்துக்குள் அலைகிறது என்றால், 3 மடங்கிலும் அது 15 செ.மீ.தான், 12 மடங்கிலும் 15தான். ஆனால் 12-இல் அது புயலில் சிக்கிய படகு மாதிரி தெரியும். பார்க்கிறவர் பதறி, குறி நடுவைத் தாண்டும் கணத்தில் விசையை வெடுக்கென்று இழுப்பார். அந்த இழுப்புதான் குண்டை வெளியே போடும். புதிதாகச் சுடுகிறவர்களிடம் மடங்கைப் பாதியாகக் குறைத்துவிட்டுச் சுடச் சொன்னால் குண்டுகள் நெருங்கி விழுவது இதனால்தான்.

இரண்டாவது, கானல். வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து எழும் சூடு ஒளியை வளைக்கும். மடங்கைக் கூட்டினால் கானலும் சேர்ந்து பெருகும். கோடை மதியத்தில் 12, 15 மடங்குக்கு மேல் போனால் தட்டின் விளிம்பு கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும். குறி வைக்க விளிம்பே கிடைக்காது. 10-க்குக் குறைத்ததும் படம் நிதானமாகும். பேரலே சூடாகி ஸ்கோப்புக்கு முன்னால் கானலை எழுப்புவதும் உண்டு. 15, 20 குண்டுகளை வேகமாகச் சுட்டால் வரும். பேரல் மேல் ஒரு துணிப் பட்டையை நீளவாக்கில் இழுத்துக் கட்டினால் அந்தச் சூடு பக்கவாட்டில் கலைந்துபோகும். ஒரு நல்லதும் உண்டு: கானல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் காற்று போகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது இலவசக் காற்றுமானி.

மூன்றாவது, வெளிச்சம். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2.1 மி.மீ. 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4. பகலில் கண்பாவை 2, 3 மி.மீ.க்குச் சுருங்கியிருக்கும், எனவே வித்தியாசம் தெரியாது. அந்தியில் பாவை விரியும்: இளவயதில் 7 மி.மீ. வரை, ஐம்பது வயதில் 5 பக்கம். பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை மான் சுட அனுமதி, மான் நடமாடுவதும் அப்போதுதான். 24 மடங்கில் அந்த நேரத்தில் தெரிவது இருட்டு. 3-15×44-ஐ அந்தியில் 8-இல் வைத்தால் ஐந்தரை மி.மீ. கிடைக்கும்.

ஒளிக்கற்றை சின்னதானால் இன்னொரு தொந்தரவு: தலையை நூல் பிடித்த மாதிரி ஒரே இடத்தில் வைத்தால்தான் படம் தெரியும். கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்தில் கறுப்புப் பிறை வந்து விழும். சுடுதள மேசையில் உட்கார்ந்து பழகியவருக்கு இது தெரியாது. காட்டில் மரத்தில் சாய்ந்து, உடம்பைத் திருகி, கனத்த ஜாக்கெட்டோடு தோளில் வைக்கும்போது தெரியும்.

சுட்ட பிறகும் இது தொடரும். .308-இன் உதைப்பில் ரைஃபிள் மேலே எழும். 24 மடங்கில் 500 மீட்டரில் தெரியும் அகலம் 7 மீட்டர். உதைப்பு முடிந்து கண் திரும்பும்போது தட்டு அந்த அகலத்துக்குள் இருக்காது. 10 மடங்கில் அதே இடத்தில் 17 மீட்டர் தெரியும். குண்டு எங்கே மண்ணைக் கிளப்பியது என்று நீங்களே பார்த்து அடுத்ததைத் திருத்திக்கொள்ளலாம்.

ரெட்டிகிள் எந்தத் தளத்தில்?

மடங்கைத் தேர்ந்தெடுத்த பிறகு பலர் கோட்டை விடுவது இங்கேதான். ரெட்டிகிள் என்பது ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு. அது முதல் குவியத் தளத்தில் இருந்தால், மடங்கைக் கூட்டும்போது குறுக்குக்கோடும் கூடவே பெரிதாகும். கோடுகளுக்கு இடையிலான அளவு எந்த மடங்கிலும் மாறாது. இரண்டாம் தளத்தில் இருந்தால் கோடு எப்போதும் ஒரே பருமனாகத் தெரியும், ஆனால் அதன் அளவு ஒரே ஒரு மடங்கில்தான் சரி. பெரும்பாலும் அது உச்ச மடங்கு.

ஓர் உதாரணம். இரண்டாம் தளத்தில் ரெட்டிகிள் உள்ள 3-9 ஸ்கோப். 400 மீட்டருக்கு 2.7 மில் மேலே பிடிக்க வேண்டும். ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ., 400-இல் 40 செ.மீ. வளையம் 9-இல் இருந்தால் 2.7 மில் குறியைப் பிடித்துச் சுடலாம். ஆனால் நடந்து வரும்போது 6-க்குத் திருப்பியதை மறந்துவிட்டீர்கள். இப்போது ஒவ்வொரு குறியும் ஒன்றரை மடங்கு; நீங்கள் பிடித்தது 2.7 அல்ல, 4.05 மில். குண்டு அரை மீட்டருக்கு மேல் உயரத்தில், மானின் முதுகுக்கு மேலாகப் பறக்கும். ரைஃபிள் பழுது என்று கடைக்குக் கொண்டுவரும் பலரின் பிரச்சினை இந்த வளையத்தில்தான் இருக்கும்.

அப்படியானால் எல்லோருக்கும் முதல் தளமா? அதற்கும் ஒரு விலை உண்டு. 3-15-இல் 15 மடங்கில் அழகாகத் தெரியும் ரெட்டிகிள், 3-இல் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி சிலந்தி நூல் போலாகிவிடும். மரநிழலில், பழுப்பு இலைகளுக்கு முன்னால், அந்த நூல் கண்ணில் படாது. நெருங்கிய தூரத்தில் வேகம் தேவைப்படும் அதே இடத்தில் கோடு காணாமல் போகிறது. ஓரங்களில் தடித்த தூண்கள் உள்ள ரெட்டிகிள், நடுவில் எரியும் சிவப்பு ஒளி, இந்த இரண்டும் இல்லாத முதல் தள ஸ்கோப்பைக் காட்டுக்கு வாங்காதீர்கள்.

உங்கள் நிலையில் என் தேர்வு இது: பாதிக்கு மேல் காடு என்றால் இரண்டாம் தளம், ஆனால் தொலைவுக்குக் கோட்டால் மேலே பிடிக்காமல் டரட்டை, அதாவது குறியை ஏற்றி இறக்கும் குமிழை, திருகிச் சுடுங்கள். திருகினால் எந்தத் தளம், எந்த மடங்கு என்ற கேள்வியே எழாது. 2.7 மில் என்றால் 0.1 மில் கிளிக்கில் 27 கிளிக். கால் எம்.ஓ.ஏ. (ஆர்க் நிமிடம்) கிளிக்கில் 37. ரெட்டிகிள் மில்லிலும் டரட் எம்.ஓ.ஏ.விலும் இருக்கும் கலவை மலிவு விலையில் கிடைக்கும், வேண்டாம். ஒரு மில்லுக்கு 3.44 எம்.ஓ.ஏ. என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு சுட யாராலும் ஆகாது.

பாரலாக்ஸ்

வேட்டை ஸ்கோப்புகளில் பாரலாக்ஸ் பெரும்பாலும் 100 அல்லது 150 கஜத்துக்கு ஆலையிலேயே நிலைநிறுத்தப்பட்டிருக்கும். வேறு தூரத்தில் கண் நடுவிலிருந்து விலகினால் குறி இலக்கின் மேல் நகரும்; இந்த நகர்வுதான் பாரலாக்ஸ். அதிகபட்சப் பிழைக்கு எளிய கணக்கு உண்டு: முன் லென்ஸின் பாதியை, தூர வித்தியாசத்தால் பெருக்கி, நிலைநிறுத்திய தூரத்தால் வகுக்க வேண்டும். 40 மி.மீ. லென்ஸ், 100 மீட்டருக்கு நிலைநிறுத்தியது, 400 மீட்டரில் சுடுகிறீர்கள்: 20 பெருக்கல் 300 வகுத்தல் 100, ஆக 60 மி.மீ. கண் ஒளிக்கற்றையின் விளிம்பில் இருந்தால் மட்டுமே இந்த முழுப் பிழை. தலையை ஒழுங்காக வைத்தால் ஒன்றிரண்டு செ.மீ.க்கு மேல் போகாது. மானுக்குப் பரவாயில்லை. சின்னத் தட்டுகளுக்கு, அதுவும் 10 மடங்குக்கு மேல், இதைச் சரிசெய்யும் பக்கக் குமிழ் (மேலே சொன்ன ஃபோகஸ் குமிழ்தான்) உள்ள ஸ்கோப்பே நல்லது.

குமிழில் அச்சிட்ட எண்களை நம்பாதீர்கள். ரைஃபிளை மணல் பையில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் லேசாக ஆட்டுங்கள். குறி இலக்கின் மேல் நழுவாமல் ஒட்டி நிற்கும் இடம்தான் சரியான இடம். அதற்கு முன்பு கண் பக்க லென்ஸைச் சரிசெய்தாக வேண்டும்: வெளிர் வானத்தைப் பார்த்து, இரண்டு நொடிக்கு மேல் உற்றுப் பார்க்காமல், கண்ணை எடுத்து எடுத்து வைத்து, பார்த்த கணமே கோடு கூர்மையாகத் தெரியும்வரை திருப்ப வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண் தானாக ஈடுகட்டிவிடும். பிறகு பாரலாக்ஸ் எந்த இடத்திலும் ஒத்துவராது.

அப்படியானால் மற்ற ஸ்கோப்புகள் யாருக்கு?

1-6×24, 1-8×24 வகை, ஏ.ஆர்.-15 ரைஃபிள் வைத்து, மூவகைத் துப்பாக்கிகளால் சுடும் த்ரீ கன் போட்டியில் ஓடிக்கொண்டே சுடுகிறவர்களுக்கு. 1 மடங்கில் இரு கண்ணும் திறந்தபடி 10 மீட்டர் அட்டையைச் சுட்டுவிட்டு, அடுத்த கணம் 6-க்குத் திருப்பி 300 மீட்டர் தட்டு. உங்களுக்கு 50 மீட்டருக்குள் ஓட்டமும் துரத்தலும் இல்லையென்றால் 1 மடங்கு வீண். 1-10 என்ற பெயரைப் பார்த்து எல்லாமே அடங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1-10×28-இல் 10 மடங்கில் ஒளிக்கற்றை 2.8 மி.மீ.; 2.5-10×42-இல் அதே 10-இல் 4.2. ஒளியின் அளவில் இரண்டேகால் மடங்கு வித்தியாசம். ஒரே குழாயில் பத்து மடங்கு விரிவைத் திணிக்க லென்ஸ் எண்ணிக்கை கூடும், விலை கூடும், தலை வைக்கும் இடம் குறுகும். 3-9 என்ற மூன்று மடங்கு விரிவு இத்தனை வருடம் நிலைத்ததற்குக் காரணம், அதைக் குறைந்த விலையிலும் நன்றாகச் செய்ய முடியும் என்பதே. ஒரே விலையில் 3-9-ஐயும் 6-24-ஐயும் அருகருகே வைத்து 9 மடங்கில் பார்த்தாலே கண்ணாடியின் தரம் தெரிந்துவிடும். மலிவான 24 மடங்கில் ஓரத்தில் ஊதா நிறம் வழியும். வாங்கியவர் கடைசியில் 14-இல் வைத்தே சுடுவார்.

5-25×56, 7-35×56 போன்றவை பிரிசிஷன் ரைஃபிள் போட்டிக்காரர்களுடையவை. அங்கேயும் 25 இருந்தால் 25-இல் சுடுவதில்லை. ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்குள் பல தட்டுகளைத் தேடிச் சுட வேண்டும் என்பதால் பலரும் 12 முதல் 18-க்குள் வைத்துக்கொள்கிறார்கள். எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூரப் போட்டி வேறு கதை: படுத்த இடத்திலிருந்து ஒரே இலக்கு, 1000 கஜத்தில் பத்துப் புள்ளி வளையம் 10 அங்குலம், உள்ளே எக்ஸ் வளையம் 5 அங்குலம். தேட வேண்டியதில்லை, அவசரம் இல்லை. 40, 50 மடங்கு அங்கே நியாயம்.

பெரிய ஸ்கோப்பின் மேலோ பக்கத்திலோ ஒரு சிவப்புப் புள்ளி சைட்டைப் பொருத்தி நெருக்கத்துக்கு அதை வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. போட்டித் தளத்தில் அருமையாக வேலை செய்யும். காட்டில் கிளையில் மாட்டும். அதோடு 5-25×56 மட்டுமே ஒரு கிலோ பக்கம். 3-9×40 350, 400 கிராம்தான். 56 மி.மீ. லென்ஸ் பேரலில் இடிக்காமலிருக்க ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங் உயரமாக இருக்க வேண்டும். ரிங் உயர்ந்தால் கன்னம் ஸ்டாக்கில் (ரைஃபிளின் பின்கட்டையில்) படியாது. கன்னம் படியாவிட்டால் கண் ஒரே இடத்தில் நிற்காது, மேலே சொன்ன பாரலாக்ஸ் பிழை முழுதாக வந்து சேரும்.

இந்தியாவிலிருந்து ஏர் ரைஃபிளுக்காகப் படிப்பவர்களுக்கு

அங்கே காட்டு விலங்கு வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 20 ஜூலுக்கு மேற்படாத .177 ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் பலர் வாங்கிக் காகிதத்தில் சுடுகிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் பந்தயத்தில் ஸ்கோப்புக்கே இடமில்லை. பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் விட்டம் அரை மி.மீ., அதையும் துளை சைட்டில்தான் சுட வேண்டும். வீட்டுப் பின்புறத்தில் 10 முதல் 40 மீட்டர் என்றால் 3-12×40 அல்லது 4-12×40, ஆனால் பாரலாக்ஸ் 10 மீட்டர் வரை இறங்க வேண்டும். 100 மீட்டருக்கு நிலைநிறுத்திய ஸ்கோப்பில் 10 மீட்டரில் 18 மி.மீ. வரை பிழை வரலாம், படமும் மங்கும். அதுதான் கையில் இருக்கிறது என்றால், முன் லென்ஸ் மூடியில் நடுவில் 20 மி.மீ. துளையிட்டு மாட்டிக்கொள்ளுங்கள், பிழை பாதியாகும், படம் கூர்மையாகும், கொஞ்சம் இருட்டாகும்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பின்னே உதைத்து உடனே முன்னேயும் உதைக்கும். பெரிய ரைஃபிளின் உதைப்பைத் தாங்கும் ஸ்கோப்கூட இந்த முன் உதையில் உள்ளே கழன்றுவிடும். ஏர்கன்னுக்கென்று குறிப்பிட்ட ஸ்கோப், நிறுத்தாணி உள்ள ஒற்றைத் துண்டு மவுண்ட், இரண்டும் வேண்டும். ஜீரோ செய்யும்போது கால் எம்.ஓ.ஏ. கிளிக் 10 மீட்டரில் 0.7 மி.மீ.தான் நகர்த்தும். 3 செ.மீ. தள்ள 40 கிளிக் ஆகும். ஸ்கோப் வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுக்காதீர்கள்.

பொருத்துவதும் சோதிப்பதும்

.308-க்குத் திரும்புவோம். கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே 8 முதல் 10 செ.மீ. வேண்டும். இதை உச்ச மடங்கில் வைத்து, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பாருங்கள், ஏனென்றால் படுக்கும்போது தலை முன்னே போகும். மேசையில் உட்கார்ந்து மட்டும் பொருத்தியவருக்குப் புருவத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு நிச்சயம். ரிங் மூடித் திருகுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் 15 முதல் 18 அங்குல-பவுண்டுக்குள், அல்லது தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். கூடினால் குழாய் நசுங்கி, மடங்கு வளையமும் குமிழும் கனத்துப்போகும்.

குறுக்குக்கோடு செங்குத்தா என்று பார்க்க 50 மீட்டரில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ரைஃபிளை மட்டத்தில் வைத்து, நூலோடு கோட்டை ஒட்டவையுங்கள். 3 பாகை சாய்ந்திருந்தால் 100-இல் தெரியாது. 500 மீட்டரில் 10 செ.மீ. பக்கவாட்டில் போகும். காற்று என்று நினைத்து அதைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

100 மீட்டரில் ஜீரோ செய்ததும் நெருக்கத்தில் எங்கே படுகிறது என்று ஒருமுறை சுட்டுப் பாருங்கள். ஸ்கோப் பேரலுக்கு 4, 5 செ.மீ. மேலே இருப்பதால் 20 மீட்டரில் குண்டு 2 செ.மீ. பக்கம் கீழே படும், 10 மீட்டரில் 3. மானுக்கு இது ஒன்றுமில்லை. கிளை இடுக்கு வழியாகச் சுடும்போது ஞாபகம் வேண்டும்: ஸ்கோப்பில் வழி தெளிவாக இருக்கும், குண்டு கீழேயுள்ள கிளையில் போய் மோதும்.

காட்டில் நடக்கும்போது வளையம் எப்போதும் கீழ் எண்ணில். விலங்கைத் தேட 8×42 அல்லது 10×42 பைனாகுலர், ஸ்கோப்பால் தேடாதீர்கள். புதரில் அசைவது இன்னொரு வேட்டைக்காரராக இருந்தால், அதைக் கண்டுபிடிக்கும்போது உங்கள் பேரல் அவரை நோக்கியிருக்கும்.

கடைசியாகப் பன்னிரண்டு குண்டு செலவழியுங்கள். 100 மீட்டரில் உச்ச மடங்கில் மூன்று, கீழ் மடங்கில் மூன்று. இரண்டு கூட்டங்களின் நடுவும் 3 செ.மீ.க்கு மேல் விலகினால் மடங்கு மாற்றும்போது ஸ்கோப்பின் உள்ளே ஏதோ நகர்கிறது. நெருக்கத்துக்கும் தொலைவுக்கும் ஒரே ஸ்கோப் என்ற எண்ணமே அங்கே செத்துவிடும். பிறகு டரட்டை 5 மில் மேலே திருகி மூன்று குண்டு. அவை சரியாக 50 செ.மீ. மேலே போக வேண்டும். திரும்பக் கீழே திருகி மூன்று. அவை பழைய இடத்துக்கே வந்து விழ வேண்டும். வாங்கிய முதல் வாரமே இதைச் செய்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.